வலிக்காத முட்டி

குருவம்மாளின் வலது முட்டி விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். மற்ற உடம்பு அதற்குப் பின்னால்தான் எழுந்திருக்கும். பாயில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முட்டியை அமுக்கிப் பிடித்துக் காலை மெல்ல நீட்டினாள். உள்ளே கல்லுப்பு நொறுங்குகிற மாதிரி சத்தம். சின்னப் பிள்ளையில் தீப்பெட்டி ஆபீசில் குத்துக்காலிட்டுக் குச்சி அடுக்கியபோது குடிவந்த வலி அது. அப்புறம் அச்சாபீசில் பைண்டிங் வேலை, பகல் முழுக்க நின்றபடி. குடிவந்தவன் காலி பண்ணவேயில்லை. வீட்டுக்காரியிடமே வாடகை வாங்கிக்கொண்டிருந்தான்.

சுவரைப் பிடித்து எழுந்து, "இன்னும் கொஞ்ச நாளுதான், பொறுத்துக்க" என்று முட்டியிடம் சொன்னாள்.

அவளுக்குப் போடப்போகிற புது முட்டியின் ஃபைல் முந்தின நாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இலவசம். அவளே அதைச் செட் பண்ணி, அவளே மெஷினுக்கு அனுப்ப வேண்டும். தன் கருமாதிப் பத்திரிகையைத் தானே கம்போஸ் பண்ணுகிற கதை என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பண்ணினார்கள்.

டீக்கடை வரை வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாசாணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். லாரி ஷெட்டில் லோடுமேன். செத்துப்போன அவள் புருஷனுக்குக் கூட்டாளி.

"என்ன மதினி, கால இழுத்துக்கிட்டு வர்றீக? எங்க அண்ணன் இருந்தா தூக்கிட்டு வந்திருப்பாரு."

"உங்க அண்ணன் இருந்தப்ப நாந்தான் அவரத் தூக்கிட்டு வருவேன், சாராயக் கடையிலேருந்து. டீயச் சொல்லு."

மாசாணம் சிரித்தான். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுத் தெருவில் சட்டென்று குந்தினான், எழுந்தான். மறுபடி குந்தினான், எழுந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தீகளா? ரெண்டு முட்டியும் மரக்கட்ட மாதிரி கம்முனு கெடக்கு. போட்ட நாளுலேருந்து வலின்னா என்னன்னு தெரியாது. நேத்து ரெட்ட மூட்டையாத்தான் ஏத்துனேன். எல்லாம் உங்க கைராசி."

அவன் முட்டிகள் இரண்டும் அவள் பிரஸ்ஸில் அடித்தவை. லாரி ஷெட் காண்ட்ராக்டரும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து கொண்டுவந்த திட்டம். தேய்ந்த முட்டியை எடுத்துவிட்டு அச்சடித்த முட்டியைப் போடுவார்கள். லோடுமேன் கிழவனாகிற வரைக்கும் மூட்டை தூக்கலாம். முதன்முதலில் போட்டுக்கொண்டவர்களில் மாசாணமும் ஐயாக்கண்ணும் இருந்தார்கள்.

"ஐயாக்கண்ணு எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

மாசாணத்தின் முகம் மாறியது. ஐயாக்கண்ணு போன வாரம் லாரிப் பலகையிலிருந்து மூட்டையோடு விழுந்திருந்தான்.

"தொடை எலும்பு மூங்கிலு மாதிரி பொளந்துருச்சு. குடிச்சிட்டு ஏறுனான்னு காண்ட்ராக்டர் எழுதிட்டாரு."

"அவன் குடிக்க மாட்டானே."

"ஆள் எப்ப மாறுவான்னு யாரு கண்டா? ஆனா ஒண்ணு மதினி. விழுறதுக்கு முன்னாடியே விரிசல் விட்டிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாராம். விரிசல் விட்ட எலும்போட ஒருத்தன் எப்படி மூட்ட தூக்குவான்? கத்தியிருக்க மாட்டானா?"

குருவம்மாள் கிளாஸை வாயில் வைத்தாள். டீ ஆறிப் போயிருந்தது.

சிவகாசியில் காகிதத்தில் அச்சடிப்பது முக்கால்வாசி நின்றுபோயிருந்தது. கல்யாணப் பத்திரிகை போனுக்குள் போய்விட்டது. காலண்டர் சுவரை விட்டு இறங்கிவிட்டது. ஆப்செட் மெஷின்களை எடைக்குப் போட்ட முதலாளிகள், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்ட எலும்பு அச்சு மெஷின்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். எலும்பு மாவு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அந்த மாவைக் குழைத்து மெஷின் இழை இழையாக அடுக்கினால் முட்டி, இடுப்பு, தோள்பட்டை. தெருவில் மை வாடை போய்ச் சுட்ட பால் வாடை வந்தது. வேலை மட்டும் அதே வேலைதான்: எவனோ அனுப்பிய ஃபைலை அவன் கேட்டபடி அடித்துக் கொடுப்பது.

அதில்தான் சிக்கல். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ஒரு ஜாதி, பழைய மெஷின் இன்னொரு ஜாதி. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. அங்கே முட்டியாக இருந்தது இங்கே திறந்தால் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் விழுந்து, பெண் வீட்டார் பிரஸ் வாசலில் வந்து கத்திய காலமெல்லாம் உண்டு. அதே தொல்லை எலும்பிலும் வந்தது. முதலாளி ரத்தினவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தது குருவம்மாள்தான். பத்திரிகை காலத்துப் பழக்கம், கர்வ் பண்ணுவது. எழுத்தை எழுத்தாக அனுப்பினால்தானே அடுத்த கம்ப்யூட்டர் அது என்ன எழுத்து என்று தேடித் திணறும்? வெறும் கோடுகளாக உறையவைத்து அனுப்பிவிட்டால் எந்த மெஷினும் முரண்டு பிடிக்காது. அப்புறம் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது, அவ்வளவுதான். முட்டி ஃபைலையும் மெஷினில் திறக்கும் முன்பே அப்படி உறையவைத்தாள். முடித்த வேலையின் மூலையில் தன் அடையாளமாக ஒரு சின்னப் புள்ளி வைப்பாள், அதையும் வைத்தாள். மெஷின் வாயை மூடிக்கொண்டு அடித்தது. அடித்த முட்டியையும் உறைந்த ஃபைலையும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினாள்; அளந்து பார்த்தார்கள். மயிரிழை பிசகில்லை. ஓகே என்றார்கள். அடுத்த பிரஸ்காரர்கள் வந்து கேட்டபோது குருவம்மாள் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். ஊரே அவள் வழியில் அடித்தது.

அன்றைக்கு அவள் பிரஸ்ஸுக்குள் நுழைந்தபோது மெஷின் கம்பெனியிலிருந்து வந்த பெண் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருந்தாள். ஷப்னம் என்று பெயர். கோயம்புத்தூர்க்காரி.

"அக்கா, இனி நீங்க கஷ்டப்பட வேண்டியதில்லீங்க. புதுசு போட்டுட்டேன். ஆஸ்பத்திரி ஃபைல் எப்படி வருதோ அப்படியே தொறக்கும். ஏதாவது ஒண்ணு குடுங்க, பாக்கலாம்."

"எம் முட்டியவே தொற. நேத்துதான் வந்துச்சு. இன்னும் கை வைக்கல."

ஷப்னம் திறந்தாள். திரையில் முட்டி வந்தது. கட்டம் இல்லை, சிதறல் இல்லை. ஆனால் அது சும்மா இருக்கவில்லை. உள்ளே சிலந்தி வலை மாதிரி ஒன்று இறுகியது, தளர்ந்தது; ஒரு பக்கம் தடித்தது, மெலிந்தது. தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி.

"இது ஏன் தாயி ஆடுது?"

"ஆடணுமில்லீங்களா. உருவம் பாதிதாங்க. மீதி இதுதான்." ஷப்னம் திரையில் விரல் வைத்துக் காட்டினாள். "நீங்க எப்படி நடக்கறீங்க, எந்தப் பக்கம் பாரம் விழுது, எங்க தேயுது, எல்லாத்தையும் பாத்துப் பாத்துத் தன்னை மாத்திக்கும். பாரம் கூடுச்சுன்னா தடிக்கும். தாங்காதுன்னா நரம்புக்குச் சொல்லிரும்."

"சொல்லிரும்னா?"

"வலிக்குங்க. அப்பப்ப வலிச்சாத்தான் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இங்க போட்டுக்கிட்டவங்க வலின்னு சொல்லியிருப்பாங்களே?"

"யாரும் சொல்லல."

"ஒருத்தர்கூடவா?" ஷப்னம் நாற்காலியைத் திருப்பினாள். "அது கெடக்கட்டும். இத்தனை நாளா இதை எப்படிங்க இந்த மெஷின்ல எடுத்தீங்க? இது தொறந்திருக்கவே தொறந்திருக்காதே."

"கர்வ் பண்ணி" என்றாள் குருவம்மாள். சொல்லும்போது வழக்கமாக வருகிற பெருமை பாதியில் நின்றுவிட்டது.

சின்னப் பெண்ணுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. குருவம்மாள் விளக்கினாள். எழுத்தைக் கோடாக்குவது. உறையவைப்பது. அதற்கப்புறம் எதுவும் மாறாமல் இருப்பது. சொல்லச் சொல்லத்தான் அவள் காதிலேயே அது விழுந்தது. கடைசி வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டாள்.

ஷப்னம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தனை பேருக்குங்க அக்கா?"

"ஊர்ல அடிச்சது பூராம்."

"டாக்டருங்க பாக்கலையா?"

"அளந்து பாத்தாக. அளவு சரியா இருந்துச்சு."

"அளவு சரியாத்தான் இருக்கும்."

"வலிக்காத முட்டி என்ன தாயி செய்யும்?"

"அது ஒண்ணும் செய்யாதுங்க. கல்லு மாதிரி கெடக்கும். ஆனா அதுக்கு மேல இருக்கறது சொந்த எலும்பு. ரெண்டும் நாள் பூரா மோதிக்கிட்டா கல்லுதான் ஜெயிக்கும். அந்த எலும்போட நரம்பையும் முட்டியிலதான் கோத்திருக்காங்க, முட்டி சொன்னாத்தானே மனுசன் பாரத்தை எறக்குவான்? இது சொல்லாது. அவங்களும் நல்லாயிருக்குன்னு இன்னும் ஏத்துவாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லா உழைக்கறவங்களுக்கு மொதல்ல வரும்."

குருவம்மாளுக்கு மாசாணம் தெருவில் குந்தி எழுந்தது கண்ணில் வந்தது.

ரத்தினவேல் முழுவதையும் கேட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேற யாருகிட்டயும் சொன்னியா குருவம்மா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரிக்காரன் ஓகே பண்ணியிருக்கான். தப்பு நம்ம மேல நிக்காது."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல. காலு யாருதுன்னு சொல்றேன். ஐயாக்கண்ணு காலு போச்சு. அடுத்து மாசாணம்."

"எனக்குத் தெரியாதா? எங்க அம்மா இடுப்பும் நீ அடிச்சதுதான்." அவர் மேஜையில் கிடந்த மாதிரி எலும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னைக்கு வெளிய சொன்னா, நாளைக்கே காண்ட்ராக்டர் அத்தன பேரையும் ஷெட்ட விட்டு வெரட்டுவான். காலு ஒடியறதுக்கு முன்னாடி வயிறு ஒடிஞ்சிரும். யோசிச்சுச் செய்யணும்."

"யோசிக்கிறதுக்குள்ள இன்னொருத்தன் விழுவான்."

மாதிரி எலும்பை மேஜையில் வைத்தார். "ஒண்ணு பண்ணு. மாசாணம் ஃபைல ஆஸ்பத்திரியில மறுபடி கேளு. இப்பத்தான் மெஷின் படிக்குதே. உயிரோட இருக்கிறதை அடிச்சு, அவனுக்கு மாத்திப் போடச் சொல்லுவோம். அவனுக்குச் சரியா வந்துட்டா, ஒவ்வொருத்தரா சத்தமில்லாம மாத்திரலாம். எங்க அம்மாவுக்கும் சேத்து."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஊரில் பாதிக் கேடு பயந்தவர்களால்தான் நடக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கேட்டு அனுப்பிவிட்டு, மத்தியானம் குருவம்மாள் லாரி ஷெட்டுக்கு நடந்தாள். மாசாணம் சும்மாடு கட்டிய தலையோடு பலகையிலிருந்து இறங்கி வந்தான். அவனைச் சுவரோரம் கூட்டிப்போய்ச் சொன்னாள். முதலில் சிரித்தான்.

"வலிக்கலன்னு ஒரு வியாதியா? உங்க முட்டிய எனக்குக் குடுத்துட்டு என் முட்டிய வாங்கிக்கங்க மதினி."

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அப்ப ஐயாக்கண்ணு?"

"ஆமா."

"விரிசலோட தூக்கியிருக்கான். தெரியாமயே தூக்கியிருக்கான்." சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "குடிகாரப் பயன்னு நாங்களும்தானே சொன்னோம். அவன் பொண்டாட்டி முன்னாடியே சொன்னோம்."

முஷ்டியை மடக்கித் தன் முட்டியில் ஓங்கிக் குத்தினான். கை வலித்தது; கையை உதறினான். முட்டியை வெறித்துப் பார்த்தான், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"இப்ப என்ன செய்யச் சொல்றீக?"

"மூட்டையத் தொடாத. புதுசு அடிச்சுத் தர்றேன். என் பொறுப்பு."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"நல்லா இருந்ததோ இல்லையோ, எங்கிட்ட இருந்தது ரெண்டு முட்டி. உங்கள நம்பித்தான் அறுக்கக் குடுத்தேன். சரி, நீங்க சொல்ற வரைக்கும் ஏற மாட்டேன்."

சொன்னபடி இருந்தான். ஷெட்டைக் கூட்டினான், தார்ப்பாய் மடித்தான், லாரிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். மூட்டை ஏற்றாதவனுக்குக் கூலியில் பங்கு இல்லை. ஒரு வேளைச் சோறு மட்டும் கூட்டாளிகள் போட்டார்கள். "என்ன மாசாணம், முழுகாம இருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "ஆமாடா, தலைப்பிரசவம், நீதான் பேறுகாலம் பாக்கணும்" என்றான். அவர்களிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. குருவம்மாள்தான் சொல்லவேண்டாம் என்றிருந்தாள், புது முட்டி கைக்கு வரட்டும் என்று. தினமும் பிரஸ் வாசலில் வந்து நின்று, "வந்துருச்சா மதினி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவான். ஒவ்வொரு நாளும் அவன் இடுப்பில் வேட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தது.

ஃபைல் ஒரு காலையில் வந்தது. ஷப்னமும் இருந்தாள். திறந்தார்கள். திரையில் முட்டி வந்து நின்றது. ஆடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்று ஷப்னம் எதையெதையோ அழுத்தினாள். முட்டி அசையவேயில்லை. குருவம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அவள் வைத்த புள்ளி.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஃபைல் பிரிவில் ஒரு பையன் எடுத்தான்.

"மேடம், அதான் ஒரிஜினல் மேடம்."

"இது நாங்க கர்வ் பண்ணி உங்களுக்குத் திருப்பி அனுப்புனது தம்பி. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சே. ஆடுமே, அது."

"ஓ, அந்தப் பழைய டைப்பா? அதெல்லாம் அழிச்சாச்சு மேடம். எந்த பிரஸ்லயும் தொறக்கலன்னு ஒரே கம்ப்ளைண்ட். உங்க ஊர்லேருந்து வந்த ஃபைல் எந்த மெஷின்ல போட்டாலும் தொறக்குது. அதையே ரெக்கார்டா வெச்சுட்டோம். இந்த வாரத்துலேருந்து நாங்களே இங்க அப்படிப் பண்ணித்தான் எல்லா ஊருக்கும் அனுப்புறோம். உங்களுக்கு வேலை மிச்சம். எங்க டீன்கூட மீட்டிங்ல உங்க பிரஸ்ஸைப் பாராட்டினாரு."

"எல்லா ஊருக்குமா?"

"ஆமா மேடம். நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதானே."

"தம்பி, அவருக்கு மட்டும் மறுபடி அளவு எடுத்துப் புதுசா அந்த மாதிரி பண்ண முடியுமா? மாசாணம்னு பேரு."

"பண்ணலாமே. பேஷண்டோட சொந்த முட்டிய ஸ்கேன் பண்ணித்தான் அது வரும். ஒரு முட்டியாவது இருக்கா?"

"ரெண்டையும் நீங்கதான அறுத்து எடுத்தீக."

"அப்ப கஷ்டம் மேடம். எடுத்ததெல்லாம் அன்னைக்கே எரிச்சிருவாங்க."

போனை வைத்தாள். மாசாணத்தின் முட்டி உலகத்தில் எங்கேயும் இல்லை. காலில் இருப்பது அவள் செய்த கல். ஆஸ்பத்திரியில் இருப்பதும் அவள் செய்த கல்தான்.

பக்கத்துத் திரையில் அவளுடைய முட்டி இன்னும் இறுகித் தளர்ந்துகொண்டிருந்தது. போன வாரத்து ஃபைல். உயிரோடு வந்த கடைசி ஃபைல் அதுவாகத்தான் இருக்கும். ஷப்னம் அதைக் காட்டி, "உங்களதையாவது அடிச்சிரலாமுங்க" என்றாள்.

"வேண்டாம் தாயி. எனக்கு ஏற்கெனவே வலிக்கத்தான் செய்யுது."

தெருவில் மாவு மூட்டை லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. கூடவே வாசலில் நிழல் விழுந்தது.

"வந்துருச்சா மதினி?"

குருவம்மாள் எழுந்து போனாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வரல."

"எப்ப வரும்?"

"வராது மாசாணம்." நடந்ததைச் சொன்னாள். அவள் முடித்ததும் அவன் லாரியைத் திரும்பிப் பார்த்தான்.

"கூட இருக்கிறவனுககிட்ட?"

"இப்பவே வந்து சொல்றேன். எல்லாருக்கும் முன்னாடி நின்னு சொல்றேன்."

"சொல்லுங்க. சொன்னாலும் இன்னைக்கு லோடு எறங்கணும். எறங்கலன்னா உலை கொதிக்காது." தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மாடாகச் சுற்றினான். "எத்தன மூட்டைக்கு இது தாங்கும்? அந்தப் புள்ளயக் கேட்டுச் சொல்லுங்களேன்."

உள்ளே ஷப்னம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்கும் தெரியாதா? சரி விடுங்க." அவன் படியிறங்கினான். "பாக்கியா வெச்சுக்கங்க மதினி. எனக்கு இல்லாட்டியும் எம் மகன் பாண்டிக்குக் குடுங்க. அவனும் ஷெட்டுக்குத்தான் வருவேங்கிறான்."

குருவம்மாள் காலை இழுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் உப்பு நொறுங்கியது. அவள் லாரியை எட்டுவதற்குள் மாசாணம் சிரமமே இல்லாமல் பலகையில் இறங்கிக்கொண்டிருந்தான், தலையில் ஒரு மூட்டை, அதன் மேல் இன்னொன்று.

குருவம்மாள் மாசாணத்துக்கு இரண்டு முட்டி பாக்கி.